பள்ளிக்கூடச் சாமான் செலவு: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பாதி கடந்ததும் ஆரம்பிக்கிற கேள்விகள் இவை. பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடை வரிசையில், பள்ளி வாசலில் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறோம். பொதுவான சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால்.

1. ஸ்கூல் தொறக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்குங்க. இப்பவே எல்லாத்தையும் வாங்கி வெச்சிடலாமுங்களா?

வேண்டாம். சாமான்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பென்சில், ரப்பர், ஷார்ப்னர், பேனா, தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா போன்றவை எந்தப் பள்ளியானாலும் தேவைப்படும். இவற்றை ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ கூட்டம் சேருவதற்கு முன் வாங்கலாம். நோட்டு, அட்டை போடும் தாள், ஜியோமெட்ரி பாக்ஸ், வண்ணப் பொருட்களை ஆசிரியர் லிஸ்ட் கொடுத்த பிறகு வாங்குங்கள். நான்கு கோடு நோட்டு கேட்கும் வகுப்புக்கு ஒரு டஜன் சாதா கோடு நோட்டு வாங்கி வைத்து அப்படியே கிடப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான்.

ரெடிமேடாக வாங்கும் இரண்டாம் செட் சீருடை, குடை, அடுத்த வருடத்துப் பை ஆகியவற்றுக்கு ஆடி மாதம் வரை பொறுக்கலாம். ஜூன் வியாபாரம் முடிந்து கடையில் தேங்கிய சரக்கு ஆடித் தள்ளுபடியில்தான் வெளியே வரும். முதல் இரண்டு வாரத்துக்குப் போன வருடத்துப் பையும், எழுதி மீதியான நோட்டும் போதும்.

2. கவர்மெண்ட் ஸ்கூல்ல என்னென்ன குடுக்கறாங்க? எதைத்தான் நாம வாங்கணும்?

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பாடப்புத்தகம் இலவசம். நோட்டுகள் பத்தாம் வகுப்பு வரை உண்டு. புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில் அல்லது கிரேயான், ஜியோமெட்ரி பாக்ஸ், வரைபடப் புத்தகம் ஆகியவை வகுப்புக்கேற்ப வரும். சத்துணவுத் திட்டத்தில் பெயர் உள்ள ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு வருடத்துக்கு நான்கு செட் சீருடை. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு இவற்றோடு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், சாக்ஸ் கிடைக்கும்; ஏற்காட்டுப் பெற்றோர் இதைக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும்.

எல்லாம் ஒரே நாளில் வராது. புத்தகமும் நோட்டும் பள்ளி திறந்த நாட்களிலேயே வந்துவிடும். சீருடை தவணை தவணையாக வரும். கீழ் வகுப்புகளில் முப்பருவ முறை என்பதால் இரண்டாம், மூன்றாம் பருவப் புத்தகங்கள் காலாண்டு, அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு கிடைக்கும். “இன்னும் தரலையே” என்று அவசரப்பட்டுக் கடைக்கு ஓடும் முன், எது எப்போது வரும் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்க வேண்டியது பேனா, பென்சில், டிபன் டப்பா, பாட்டில், கூடுதல் நோட்டு சில. ஒன்பதாம் வகுப்பிலிருந்து சீருடையும் உங்கள் செலவு.

3. எங்களது எய்டட் ஸ்கூலுங்க, ஆனா இங்கிலீஷ் மீடியம். அதெல்லாம் எங்களுக்கும் உண்டுங்களா?

உதவி பெறும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே சுயநிதிப் பிரிவு தனியாக நடக்கலாம். ஆங்கில வழி வகுப்புகள் பல இடங்களில் அந்தப் பிரிவில்தான் இருக்கும். அதில் படிக்கும் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன இலவசப் பொருட்கள் வராது. சேர்க்கையின் போதே “இது உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?” என்று நேராகக் கேளுங்கள். கட்டண ரசீதைப் பார்த்தாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

4. டவுன் கடைவீதியா, வீட்டுப் பக்கத்துக் கடையா, ஆன்லைனா? எங்க வாங்கினா கம்மி?

ஒரு டஜனுக்கு மேல் ஒரே பொருள் வாங்குவதென்றால் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைவீதி, முதல் அக்ரஹாரம் பக்கம் போவது லாபம். அங்கே மொத்த வியாபாரம் நடக்கிற கடைகளில் டஜன் விலை, கட்டு விலை என்று தனியாக இருக்கும். அதைக் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்காதவருக்குச் சில்லறை விலைதான். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பல மூடியிருக்கும். மே கடைசி சனிக்கிழமை மாலையில் போய் நிதானமாகப் பேரம் பேச முடியாது. வார நாள் காலை பதினொரு மணிக்குள் போங்கள்.

நாலு நோட்டு, ரெண்டு பேனா என்றால் சூரமங்கலத்திலிருந்தோ அம்மாபேட்டையிலிருந்தோ கிளம்பி வருவது வீண். பக்கத்துக் கடையில் வாங்குங்கள். தப்பான நோட்டாக இருந்தால் மறுநாளே மாற்றித் தருவார். ஆன்லைனில் பையும் பாட்டிலும் மலிவாகக் கிடைக்கலாம். நோட்டு மட்டும் வேண்டாம். தாளைத் தொட்டுப் பார்க்க முடியாது, மூலை மடங்கி வரும்.

5. ரெண்டுமே 192 பக்கம்தான். ஒண்ணு இவ்ளோ, இன்னொண்ணு இவ்ளோன்னா எப்படிங்க?

பக்கத்தின் அளவையும் தாளின் கனத்தையும் பாருங்கள். அட்டையில் இரண்டில் அளவாவது அச்சிட்டிருக்கும். சின்ன நோட்டு 19 × 15.5 செ.மீ., கிங் சைஸ் 24 × 18 செ.மீ., ஏ4 அளவு 29.7 × 21 செ.மீ. பரப்பைக் கணக்குப் போட்டால் கிங் சைஸின் ஒரு பக்கம் சின்ன நோட்டின் ஒன்றரைப் பக்கத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனால் “சின்னது மலிவு” என்பது பல நேரம் கண் ஏமாற்றுவது. விலையைப் பக்கத்தால் வகுத்துப் பாருங்கள், ஆனால் ஒரே அளவு நோட்டுகளுக்குள் மட்டும். உதாரணத்துக்கு, 192 பக்கம் 60 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 31 பைசா. 92 பக்கம் 32 ரூபாய் என்றால் 35 பைசா. கடைக்காரர் “ரெண்டு குயர்” என்று சொன்னால் அது 192 பக்க நோட்டு. ஒரு குயர் 96 பக்கம்.

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்பார்கள். 54க்குக் கீழே போனால் பேனா எழுத்து மறுபக்கம் தெரியும்; பிள்ளை ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் எழுதும், நோட்டு பாதியாகிவிடும். 56 முதல் 60 வரை தினசரி எழுத்துக்குச் சரி. மை பேனா என்றால் 70 நல்லது. ஜிஎஸ்எம் அச்சிடாத நோட்டு என்றால், பிள்ளை எழுதும் அதே பேனாவால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடைசியாகத் தையல். நடுவில் இரண்டு பின் மட்டும் அடித்த தடிமனான நோட்டு தீபாவளிக்குள் நடுத்தாளை உதிர்க்கும். 100 பக்கத்துக்கு மேல் போனால் நூல் தையல் உள்ளதாக எடுங்கள்.

6. ஒரு பாடத்துக்கு எத்தனை பக்க நோட்டு?

தினம் ஒரு பக்கம் எழுதும் பாடத்துக்கு வருடம் முழுக்க 192 பக்கம் ஏறக்குறையச் சரியாக இருக்கும். கணக்குக்கு இரண்டு மடங்கு வையுங்கள். ஓவியம், நீதிபோதனை, பொது அறிவு போன்றவற்றுக்கு 40 அல்லது 80 பக்கம் தாராளம். இவற்றுக்கும் பெரிய நோட்டு வாங்குவதுதான் வழக்கமான வீண்செலவு.

முப்பருவ வகுப்புகளுக்கு 92 பக்க நோட்டைப் பருவத்துக்கு ஒன்றாக வாங்குவதில் பக்கத்துக்கு நாலு பைசா கூடினாலும் முதுகுக்கு லாபம். கிங் சைஸ் 192 பக்க நோட்டு சுமார் 260 கிராம், 92 பக்கம் சுமார் 135 கிராம். ஆறு பாடத்துக்கு முக்கால் கிலோ குறைகிறது.

7. ஜி.எஸ்.டி. எடுத்துட்டாங்கன்னு நியூஸ்ல சொன்னாங்களே, கடைக்காரர் இன்னும் வரி சேர்த்துத்தான் போடறாரு?

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், கிரேயான், ரப்பர், ஷார்ப்னர், வரைபடம், குளோப் ஆகியவற்றுக்கு வரி கிடையாது. ஜியோமெட்ரி பாக்ஸுக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. 2,500 ரூபாய் வரையிலான உடைக்கும் ஷூவுக்கும் 5 சதவீதம். பேனா, பை இந்த விலக்கில் இல்லை.

எதுவானாலும் எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்த்த விலை. அதற்கு மேல் “வரி தனி” என்று போட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் புகார் சொல்லலாம்.

8. ஸ்கூல்லயே புக்கு, நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் ஒரே செட்டாக் குடுக்கறாங்க. வாங்கித்தான் ஆகணுமுங்களா?

சி.பி.எஸ்.இ. பள்ளியென்றால், குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என வாரியம் 2017இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மெட்ரிக் பள்ளி மீது புகார் சொல்ல மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பெற்றோர் பிள்ளை அங்கே படிக்கும் போது சண்டைக்குப் போக விரும்புவதில்லை. அது நியாயமான தயக்கம்.

சண்டையில்லாத வழி ஒன்று உண்டு. செட்டின் விலைப் பட்டியலைப் பொருள் வாரியாகக் கேளுங்கள். பள்ளிப் பெயர் அச்சிட்ட டைரி, பேட்ஜ், அடையாள அட்டை, டை ஆகியவற்றை அங்கே வாங்குங்கள். அட்டையில் பள்ளிப் பெயர் இல்லாத நோட்டை வெளியே வாங்கி, லேபிள் ஒட்டிக் கொடுக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் பல பள்ளிகள் ஒப்புக்கொள்கின்றன. தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் புத்தகமென்றால் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அச்சிட்ட விலை புத்தகத்திலேயே இருக்கும்; அதற்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். கழகத்தின் இணையதளத்தில் இதே புத்தகங்களை இலவசமாகத் தரவிறக்கலாம், புத்தகம் கைக்கு வரும் வரை அதை வைத்துச் சமாளிக்கலாம்.

9. பக்கத்து வீட்டுப் பையனோட பழைய புக்கை வாங்கிக்கலாமா? சிலபஸ் மாறியிருக்குமோன்னு பயமா இருக்கு.

உள்பக்கத்தில் “முதல் பதிப்பு”, “திருத்திய பதிப்பு” என்று ஆண்டு போட்டிருக்கும். வகுப்பில் வேறு ஒருவரிடம் உள்ள புதுப் புத்தகத்தோடு அந்த ஆண்டையும் பொருளடக்கத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப் போனால் தாராளமாக வாங்கலாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2018க்கு முந்தைய புத்தகம் எந்த வகுப்புக்கும் உதவாது.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் 1, 2 வகுப்புகளுக்கு 2023லும், 3, 6 வகுப்புகளுக்கு 2024லும், 4, 5, 7, 8 வகுப்புகளுக்கு 2025லும் முழுக்க மாறின. 2024க்கு முன் ஆறாம் வகுப்பு படித்த அண்ணனுடைய புத்தகம் தம்பிக்கு ஆகாது. பயிற்சிப் புத்தகத்தைப் பழசாக வாங்காதீர்கள், விடை எழுதியே இருக்கும். அகராதி, வரைபடப் புத்தகம், கதைப் புத்தகம் ஆகியவற்றைப் பழசாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். புதுசாக வேண்டுமென்றால் சேலம் புத்தகத் திருவிழா வரை காத்திருங்கள்; அங்கே பத்து சதவீதக் கழிவு வழக்கம்.

10. பை வருஷா வருஷம் கிழியுதுங்க. கம்பெனிப் பை வாங்கினாத்தான் தாங்குமா?

கிழிவது பெரும்பாலும் இரண்டே இடத்தில்: தோள்பட்டை பையோடு சேரும் மேல் தையல், ஜிப். வாங்கும் போது பட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சேருமிடத்தில் பெட்டி மாதிரி குறுக்குத் தையல் இருக்க வேண்டும். ஒற்றைக் கோடு தையல் என்றால் வீட்டுக்குப் போகும் முன்பே தையற்காரரிடம் கொடுத்து நைலான் நூலில் இன்னொரு முறை அடித்து வாங்குங்கள். இப்படிப் பலப்படுத்திய சாதாரணப் பை இரண்டு வருடம் வரும்.

ஜிப் பற்கள் விலகி வாய் பிளப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பற்கள் அல்ல, தேய்ந்து அகன்ற ரன்னர். கொறடால் ரன்னரின் இரு பக்கமும் லேசாக அழுத்தினால் சில மாதம் ஓடும். அதிகமாக அழுத்தினால் உடையும். அப்போதும் ரன்னரை மட்டும் மாற்றினால் போதும், முழு ஜிப்பும் வேண்டாம். பைக்குள் பாரம் பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் மத்திய அரசுப் புத்தகப்பைக் கொள்கை. 22 கிலோ பிள்ளைக்கு 2.2 கிலோ. வெறும் பையே ஒரு கிலோ இருந்தால் கணக்கு அங்கேயே இடிக்கும்.

11. யூனிஃபார்ம் ரெடிமேடா, துணி எடுத்துத் தைக்கறதா?

வேகமாக வளரும் எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் துணி எடுத்துத் தைப்பது லாபம். பேண்ட் அடியிலும் பாவாடை அடியிலும் இரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லுங்கள். ரெடிமேடில் அரை அங்குலம்தான் இருக்கும், பிரித்து விட முடியாது. ஒரு வருடத்துக்கு வேண்டிய துணியை ஒரே தடவையில் எடுங்கள். அடுத்த லாட் துணி அதே நிறத்தில் வராது, பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். பருத்தி கலந்த துணியை ஒரு இரவு ஊறவைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுத்தால் சுருங்கும் அளவு முன்பே சுருங்கிவிடும். மே கடைசியில் கொடுத்தால் தையற்காரர் ஜூலையில்தான் தருவார்.

இலவசச் சீருடை பெரிதாக வந்தால் வெட்டாதீர்கள். உள்ளே மடித்துத் தைத்தால் அடுத்த வருடம் பிரித்துக்கொள்ளலாம்.

12. ஷூ ரெண்டு சைஸ் பெருசா வாங்கினா ரெண்டு வருஷம் வருமில்லைங்களா?

வராது. குதிகால் உள்ளே ஆடி ஆடி ஷூவின் பின்புறம் உடையும், பிள்ளைக்குக் கொப்புளம் வரும். கட்டை விரலுக்கு முன்னால் பெரியவர் விரல் ஒன்றின் அகலம் இடம் இருந்தால் சரியான அளவு. மாலையில், சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்.

ஏற்காட்டில் ஜூன் முதல் டிசம்பர் வரை ஷூ நனையாத வாரம் குறைவு. உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் அடிப்பாகம் பிரிந்துவிடும், பசை சூட்டில் இளகுவதால்.

13. நாங்க ஏற்காட்டு மலையில நாகலூர்ங்க. மழைக்காலத்துல நோட்டெல்லாம் நெளிஞ்சு பூஞ்சை புடிச்சுடுது. என்ன பண்ணலாம்?

தாளின் விளிம்பு ஈரத்தை முதலில் இழுக்கும், நடுப்பகுதி பிறகு. அதனால்தான் நெளிவு. எழுதாத நோட்டுகளைப் படுக்க வைத்து, மேலே கனமாக ஏதாவது வைத்து அடுக்குங்கள். நிற்க வைத்தால் வளையும். தகரப் பெட்டியில் வைப்பதானால் வெயில் அடிக்கும் நாளில் பெட்டியைக் காயவைத்துவிட்டு வையுங்கள். ஈர நோட்டுக்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பிறகு போடுங்கள்.

மலையில் பின் அடித்த நோட்டு துருப்பிடித்துத் தாளைக் கறையாக்கும். ஐந்தாவது பதிலில் சொன்ன நூல் தையல் இங்கே இன்னும் அவசியம். எழுத்துக்குப் பால்பாயிண்ட் பேனாதான். அதன் மை எண்ணெய் சார்ந்தது, நனைந்தாலும் நிற்கும். ஜெல் பேனாவும் மை பேனாவும் ஒரு மழையில் கரைந்து ஓடும். பைக்கு மழை உறை வாங்கினாலும் புத்தகங்களை ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் போட்டுத்தான் வைக்க வேண்டும். மழை பட்டையின் தையல் வழியாக முதுகுப்புறம் இறங்கும், உறை அதை மூடாது.

14. அட்டை போடற பிரவுன் ஷீட்டு எவ்வளவு வாங்கணும்? ரோல் ரோலா மிஞ்சுது.

கிங் சைஸ் நோட்டு ஒன்றுக்கு 46 × 30 செ.மீ. தாள் வேண்டும். அரை மீட்டர் அகல ரோல் என்றால் ஒரு மீட்டருக்கு மூன்று நோட்டு. பன்னிரண்டு நோட்டுக்கு நாலு மீட்டர், ஒரு தவறுக்கு அரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி நிறம் பார்க்காதென்றால் போன வருடத்து மாதக் காலண்டர் தாள் இதைவிடக் கெட்டி. வெள்ளைப் பக்கம் வெளியே வரட்டும்.

15. பென்சில் வாரம் ரெண்டு காலியாகுது. ஜியோமெட்ரி பாக்ஸும் மூணு மாசத்துல போயிடுது. நல்லதா எப்படிப் பாத்து வாங்கறது?

பென்சில் தேய்ந்து போவதைவிட ஷார்ப்னர் தின்பது அதிகம். மழுங்கிய பிளேடு மரத்தைச் சீவாமல் கிழிக்கும், முனை உள்ளேயே உடையும். மூன்று மாதத்துக்கு ஒரு ஷார்ப்னர் மாற்றினால் பென்சில் செலவு தானாகக் குறையும். கீழே விழுந்த பென்சிலின் உள்முனை துண்டு துண்டாக உடைந்திருக்கும். டப்பாவுக்குள் கொஞ்சம் துணி வைத்தால் அடிபடாது. எழுத்துப் பழகும் சின்னப் பிள்ளைக்கு அழுத்தாமலே கறுப்பாக எழுதும் 2பி, மற்றவர்களுக்கு எச்பி.

ஜியோமெட்ரி பாக்ஸில் விலை முழுக்க காம்பஸில்தான். கடையிலேயே ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர வேண்டும். சேராவிட்டால் கால் தளர்வு. அளவுகோலில் பூஜ்ஜியம் எங்கே தொடங்குகிறது என்றும் பாருங்கள். தொலைவது எப்போதும் ஒரு செட்ஸ்கொயரும் புரோட்ராக்டரும்தான், அவை சில்லறையாகவே கிடைக்கும். டிபன் டப்பாவுக்கும் இதே கணக்கு: எவர்சில்வரில் வாங்கினால் ரப்பர் வளையம் மட்டும் மாற்றி வருடக்கணக்கில் ஓட்டலாம். எவர்சில்வர் தகடு உருட்டும் உருக்காலை இருக்கிற ஊரில் பிளாஸ்டிக் டப்பா எதற்கு?

16. எங்க தெருவுல பத்து வீடு சேர்ந்து மொத்தமா வாங்கலாம்னு இருக்கோம். சரியா வருமுங்களா?

நோட்டு, பென்சில், பேனா, பிரவுன் ஷீட், லேபிள் இவற்றுக்கு நன்றாக வரும். பை, ஷூ, சீருடைக்கு வராது, ஆளுக்கொரு அளவு. ஒருவர் மட்டும் லிஸ்ட் எழுதட்டும்: வகை, அளவு, பக்கம், எண்ணிக்கை என்று நாலு கட்டம். கம்பெனிப் பெயர் இரண்டுக்கு மேல் போகக் கூடாது. பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மொத்தக் கடையில் கட்டை உடைத்துத் தர மாட்டார்கள், பென்சில் குரோஸ் கணக்கில் 144 வரும். மிஞ்சுவதை யார் எடுப்பது என்பதை வாங்கப் போகும் முன்னே பேசி முடியுங்கள். கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் எடையையும் பாருங்கள். ஆறாவது பதிலின்படி கிங் சைஸ் 192 பக்க நோட்டு 120 சேர்ந்தால் 31 கிலோ. இரண்டு கட்டாகக் கட்டி, இரண்டு பேர் வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒற்றைக் கட்டு பஸ்ஸில் உருண்டுகொண்டே வரும்.

17. நான் மலைக்கிராமத்துல ஆரம்பப் பள்ளி டீச்சர். சார்ட்டு, சாக்பீஸ் எல்லாம் கைக்காசுலதான் வாங்கறேன். வேற வழி?

ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் விதிப்படி பள்ளி மானியம் உண்டு: 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. அதில் பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதியில் கற்பித்தல் பொருள் வாங்கப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். வருடத் தொடக்கத்திலேயே தேவைப் பட்டியலை எழுதிக் கொடுக்காவிட்டால் பணம் பெயிண்டுக்கும் குழாய் ரிப்பேருக்கும் போய்விடும். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வந்த பொருட்கள் ஏற்கெனவே பீரோவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

காசில்லாமல் செய்யக் கூடியவை நிறைய. இடமதிப்புக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டுங்கள். பத்துக் கட்டு சேர்ந்தால் நூறு, பிள்ளை கையில் பிடித்துப் பார்க்கும். ஒரு வகுப்புக்கு 300 குச்சி போதும். எண்ணப் புளியங்கொட்டை, கூட்டல் விளையாட்டுக்குப் பாட்டில் மூடி, எழுத்து அட்டைக்குத் திருமணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம். சார்ட்டை மெல்லிய தாளில் போடாமல் மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதுங்கள், மேலே உள்ள தகரப் பட்டையே தொங்கவிட உதவும். அதை ஒட்ட மைதாப் பசை வேண்டாம்: ஈரத்தில் பூஞ்சையும் கரப்பானும் வரும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் கலக்கும் மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் கைபடும் இடத்தில் ஆகாது.

ஈரமான சாக்பீஸ் போர்டில் வழுக்கும், எழுதாது. மூடி இறுக்கமான டப்பாவில் வைத்து, வெயில் வந்ததும் திறந்து காட்டுங்கள்.

18. எங்க கம்பெனில பணம் திரட்டி ஏற்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு நோட்டு குடுக்கலாம்னு இருக்கோம். எத்தனை வேணும்?

நோட்டு அரசே தருகிறது (இரண்டாவது பதில்). நீங்களும் கொடுத்தால் இரண்டு குவியல் ஆகும். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில்கள்: வயதுக்கேற்ற கதைப் புத்தகம், படம் வரையும் தாள், மழை உறை, பந்து, கயிறு, சின்னதாகிப் போன ஸ்வெட்டருக்கு மாற்று. ஸ்வெட்டர் என்றால் பிள்ளைகளின் மார்பளவை முதலில் வாங்குங்கள். வகுப்பை வைத்து அளவைக் குத்துமதிப்பாகப் போட்டால் பாதி பொருந்தாது.

ஜூனில் எல்லோரும் கொடுப்பார்கள். ஜூலை கடைசியில் போனால் எது வந்தது, எது வரவில்லை என்று பள்ளிக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும். ஒரு வகுப்பில் கொடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பதைத் தவிருங்கள். பெரிய தொகையென்றால் அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் வழியாகக் குறிப்பிட்ட பள்ளிக்கே கொடுக்கலாம்.

19. நாங்க வெள்ளிக் கொலுசு வேலைங்க, இந்த வருஷம் வேலையே இல்ல. ரெண்டு பிள்ளைங்க தனியார் ஸ்கூல்ல. எதை வாங்கறது, எதை விடறது?

முதல் மாதத்துக்கு: ஆளுக்கு ஒரு செட் புதுச் சீருடை, பாடத்துக்கு ஒரு 92 பக்க நோட்டு, இரண்டு பேனா அல்லது நாலு பென்சில், போன வருடத்துப் பை, பிய்ந்த இடத்தைத் தைத்த பழைய ஷூ. போன வருட நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்து, துளையிட்டு, நூலால் கட்டினால் வீட்டுப் பயிற்சிக்கு இரண்டு மூன்று நோட்டு தேறும். பாடப்புத்தகத்துக்கு எட்டாவது, ஒன்பதாவது பதில்களைப் பாருங்கள். ஓவியப் பொருள், புராஜெக்ட் சாமான் எல்லாம் கேட்கும் போது பார்த்துக்கொள்ளலாம். வகுப்பாசிரியரிடம் நிலைமையை ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. தெரிந்தால் அவகாசம் தருவார்கள்.

வெள்ளி வேலை, நெசவு, கட்டட வேலை செய்கிறவர்களுக்கு அரசு நலவாரியங்கள் இருக்கின்றன. பதிவு செய்த உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேளுங்கள். உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும், முதலில் அதைச் சரிபாருங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளையின் படிப்புச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் இனிஷியல் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

20. என் பொண்ணுக்குப் பார்வை கம்மிங்க. சாதா நோட்டுல கோடே தெரியலைங்கறா. அவளுக்குன்னு தனியா எங்க கிடைக்கும்?

உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்துக்குப் போங்கள். ஏற்காட்டுக்கும் தனியாக உண்டு. அங்கே மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாமில் பதிந்தால் பெரிய எழுத்துப் புத்தகம், உருப்பெருக்கி போன்ற உதவிப் பொருட்களுக்குப் பரிந்துரைப்பார்கள். அது வரக் கொஞ்ச காலம் ஆகும்.

அதுவரை வீட்டிலேயே நோட்டைத் தயார் செய்யலாம். கோடில்லாத ஏ4 நோட்டை வாங்கி, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு செ.மீ. இடைவெளியில் தடித்த கோடு போடுங்கள். மை பின்பக்கம் இறங்கும் என்பதால் தாளின் ஒரு பக்கம் மட்டும். எழுத 2பி பென்சிலோ கறுப்பு மார்க்கரோ கொடுங்கள், நீல பால்பாயிண்ட் அவள் கண்ணுக்கு மங்கும். பளபளப்பான வெள்ளைத் தாளைவிட லேசான மஞ்சள் தாள் சில குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிகிறது. இரண்டிலும் ஒவ்வொரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு, எது வசதி என்று அவளிடமே கேட்டு வாங்குங்கள்.